வெள்ளமா, கையொப்பமா?

ஒருவனுடைய தொழில் போய்விட்டது. அவனுடைய சோம்பல் அதற்குக் காரணமல்ல. அவன் செய்துவந்த அதே பொருளை வேறொரு நாட்டில் குறைந்த கூலிக்குச் செய்து கப்பலில் அனுப்புகிறார்கள். அதை இறக்கிக்கொள்ள அவனது அரசாங்கமே துறைமுகத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. அவனுடைய அயலவர்கள் அப்பொருளை முன்னரைவிட மலிவாக வாங்கிப் பயனடைகிறார்கள். இந்த மனிதனுக்கு யாரேனும் எதையேனும் கொடுத்தாக வேண்டுமா? கொடுக்கத்தான் வேண்டுமெனில் அது தர்மமா, கடனா?

இக்கேள்விக்குச் சட்டம் இயற்றிப் பதில் சொல்லப் பார்த்த நாடு ஐக்கிய அமெரிக்கா. ஐசனோவர் காலத்தில் வெளிநாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில், உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் 1954 இல் ஒரு யோசனையை முன்வைத்தார். தீர்வைகளைக் குறைப்பது நாட்டுக்கு நல்லதென்றால் குறையுங்கள். ஆனால் அதனால் வேலையிழப்பவனை அரசு தாங்கட்டும் என்பது அதன் சாரம். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. எட்டு வருடங்கள் கழித்து, 1962 இல், ஜனாதிபதி கென்னடி வர்த்தக விரிவாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்த யோசனை சட்டமாயிற்று. தேச நலனுக்கென எடுக்கப்படும் ஒரு முடிவின் முழுப் பாரத்தையும் சிலருடைய தலையில் மட்டும் இறக்கக்கூடாது, ஒரு பங்கை அரசு சுமக்கவேண்டும் என்ற நியாயமே அதற்குக் கூறப்பட்டது. திட்டத்திற்கு 'வர்த்தக இசைவாக்க உதவி' என்று பெயர். பெயரிலுள்ள இரண்டு சொற்களையும் கவனியுங்கள். இசைந்துகொள்ள வேண்டியவன் தொழிலாளி. அவனுக்குக் கிடைப்பது உதவி. நஷ்டஈடு என்ற சொல் அங்கு இல்லை.

சட்டம் வந்தது, பணம் வரவில்லை. தீர்வைச் சலுகையின் விளைவாகவே இறக்குமதி பெருகியது, அந்த இறக்குமதியே வேலையிழப்பின் பிரதான காரணம் என இரண்டையும் நிரூபித்தாக வேண்டும் என்றிருந்தபடியால், 1969 வரை ஒரு தொழிலாளர் மனுவாவது தேறவில்லை. தொழிற்சங்கத்தினர் இதனை 'அடக்கச் செலவுக் காப்புறுதி' என்று எள்ளிநகையாடினர். 1974 ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளைத் தளர்த்தியது. 1980 இல் ஜப்பானியக் கார்களால் அடிபட்ட மோட்டார்த் தொழிலாளர்கள் திரண்டுவந்தபோது செலவு ஏறத்தாழ 160 கோடி டொலரைத் தொட்டது. மறு ஆண்டே றீகன் அரசு கத்தரியை எடுத்தது. பயன்பெற்றோர் தொகை இலட்சங்களிலிருந்து சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. கடனாளி ஒருவன் கடனைத் திருப்பித் தருவதா இல்லையா என்பதைத் தன் வருடாந்த வசதியைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்வதை எந்தக் கடைத்தெருவிலாவது அனுமதிப்பார்களா? தர்மமென்றால் மட்டுமே அப்படி நடக்கும்.

எண்களை விட்டு ஓர் ஊருக்குப் போவோம். வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகருக்கு வடக்கே கனாப்பொலிஸ் என்றோர் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனன் என்ற ஆலை முதலாளி எழுப்பிய ஊர் அது. துவாயும் படுக்கை விரிப்பும் நெய்கின்ற ஆலைகளைச் சுற்றி வீடுகள், கடைகள், தெருக்கள் என எல்லாமே கம்பனியினுடையவை. 1984 வரை அவ்வூருக்கென ஒரு நகரசபைகூட இருக்கவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வந்தாலும் ஆலை எடுத்துக்கொள்ளும். தகப்பன் நின்ற இயந்திரத்துக்குப் பக்கத்தில் மகன் நிற்பான். பல தசாப்தங்கள் போராடித் தோற்று, 1999 இல்தான் அத்தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைக்கும் வாக்கெடுப்பில் வென்றார்கள். ஏறத்தாழ நான்கு வருடங்களே கழிந்தன. 2003 யூலை 30 ஆம் திகதி, அப்போது பில்லோடெக்ஸ் என்ற பெயரிலிருந்த அந்தக் கம்பனி தன் ஆலைகளை மூடிவிட்டதாக அறிவித்தது. வட கரோலினாவில் மட்டும் ஏறத்தாழ 4,800 பேர். அம்மாநிலம் அதுவரை கண்ட மிகப்பெரிய ஒருநாள் ஆட்குறைப்பு அதுவென்றார்கள்.

சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த துவாய்கள் அமெரிக்கக் கடைகளில் குவிந்துகிடந்த காலம் அது. கம்பனியின் கடன்சுமையும் நிர்வாகக் கோளாறும் அம்மரணத்தில் பங்குகொண்டவையே என்றாலும் இறக்குமதியின் பங்கை மறுப்பதற்கில்லை. தொழில் திணைக்களமும் மறுக்கவில்லை. அத்தாட்சி கிடைத்தது. முதலில் வழமையான வேலையில்லாக் காப்புறுதிப் பணம் 26 வாரங்கள். பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் அதையும் சேர்த்து இரண்டு வருடங்கள்வரை கொடுப்பனவு. பயிற்சிக் கட்டணம் அரசினுடையது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் 65 சதவீதத்தையும் அரசு ஏற்கும். கேட்க நன்றாகத்தானிருக்கிறது. ஆனால் சம்பளம் நின்றுபோன வீட்டில் மீதி 35 சதவீதத்தை யார் கட்டுவது? அந்தச் சலுகைக்கு உரித்துடையோரில் மிகச் சிலரே நாடெங்கும் அதைப் பயன்படுத்தினர் என்பதில் வியப்பில்லை.

இந்த மனிதருக்குச் சேரவேண்டியது எது என்பதை நமது மரபின் அளவுகோல் கொண்டு பார்க்கலாம். ஸகாத் பெறத்தக்க எட்டுப் பிரிவினரை அல்குர்ஆன் அத்தவ்பா அத்தியாயத்தில் வரையறுக்கிறது. அவர்களுள் 'காரிமீன்' எனப்படும் கடன்பட்டோரும் அடங்குவர். வெள்ளம் பொருளை அடித்துச்சென்றவனையும், தீ உடைமையை எரித்தவனையும் இப்பிரிவில் சேர்த்து விளக்கியிருக்கிறார் தாபியீன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்). நேற்றுவரை கொடுப்பவனாயிருந்தவன் இன்று பெறுபவனாகலாம், அதில் அவனுக்கு இழுக்கில்லை என்ற நுட்பமான மனிதநேயம் அவ்விளக்கத்தில் இருக்கிறது. கனாப்பொலிஸ் தொழிலாளியையும் வெள்ளத்தில் இழந்தவனாகக் கொள்ளலாம் என்று தோன்றும். பொருளியலாளர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அலை, அதிர்ச்சி, வெள்ளம் என்றெல்லாம் இயற்கையின் சொற்களையே எடுத்தாள்கிறார்கள். 1999 இற்கும் 2011 இற்கும் இடையில் சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 முதல் 24 இலட்சம் வரையான வேலைகள் போயின என்று மதிப்பிட்ட பொருளியலாளர்கள்கூட அதற்கு வைத்த பெயர் 'சீன அதிர்ச்சி'.

எனது மறுப்பு இங்கேதான். வெள்ளத்தில் எவரும் கையொப்பமிடுவதில்லை. வர்த்தக உடன்படிக்கையில் இடுகிறார்கள். இன்ன தொழிலுக்கு அடி விழும், இன்ன தொழிலுக்கு வாய்ப்புப் பெருகும் என்று கணக்குப் பார்த்து, அடியைவிட ஆதாயம் அதிகமென்று தெரிந்துகொண்டே இடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். பல வேளைகளில் சரிதான் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் கணக்குப் பார்த்து எடுத்த முடிவுக்கும் இடிவிழுந்ததற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. முதலாவதில் இழந்தவன் கேட்பது ஈட்டுத்தொகை, இரண்டாவதில் இரக்கம்.

ஃபிக்ஹ் சட்டவியலில் ஒரு விதி உண்டு: 'அல்குர்மு பில்குன்ம்'. ஆதாயம் எவருக்கோ அவருக்கே அதன் சுமையும் என்பது அதன் கருத்து. உதுமானியப் பேரரசு தொகுத்த சிவில் சட்டமான மஜல்லாவிலும் இது இடம்பெற்றிருக்கிறது. கூட்டுடைமை போன்ற விவகாரங்களுக்கெனப் பயன்பட்ட விதியை நாடுகளின் வர்த்தகக் கொள்கை வரை நீட்டுவது எனது துணிவு என்று சொல்லலாம். நீட்டாமலிருப்பதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மலிவான துவாயால் பயனடைந்தவர்கள் கோடிக்கணக்கானோர். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஓரிரு டொலர். இழந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் இழந்தது வாழ்க்கையின் அத்திவாரம். அந்தக் கோடிப்பேரிடமிருந்து சில சதங்களைத் திரட்டி இந்த ஆயிரம் பேரிடம் சேர்ப்பிக்கும் ஆற்றல் அரசுக்கு மாத்திரமே இருக்கிறது. ஆகவே அரசு இங்கு தர்மவான் அல்ல. வசூலித்துக் கொடுக்கவேண்டிய அமானிதக்காரன்.

1939 இல் கால்டோர், ஹிக்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் இதற்கு ஒரு தப்பும் வழியைக் கண்டார்கள். ஒரு மாற்றத்தால் வென்றவர்கள் தோற்றவர்களுக்கு ஈடுசெய்த பின்னரும் மிச்சம் வைத்திருக்க முடியுமானால் அம்மாற்றம் நல்லதே. உண்மையில் ஈடுசெய்தார்களா என்பது வேறு கேள்வி என்றார்கள். 'முடியும்' என்ற ஒரு சொல்லிலேயே கட்டடம் முழுவதும் நிற்கிறது. அமர்த்தியா சென் இதன் வெறுமையைச் சுட்டிக்காட்டினார். ஈடுசெய்தாயிற்று என்றால் இந்த அளவுகோல் தேவையில்லை. ஈடுசெய்யவில்லை என்றால், செய்திருக்கலாம் என்ற செய்தி தோற்றவனுக்கு என்ன ஆறுதல்? கடையில் சாமான் வாங்கிக்கொண்டு 'என்னிடம் காசிருக்கிறது, தரமுடியும்' என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பவனை நாம் வேறு பெயரிட்டு அழைப்போம்.

இன்னொரு தடையும் வழியில் நிற்கிறது. அடுத்த தெருவில் ஒருவனுடைய வேலையை இறக்குமதி பறிக்கவில்லை, இயந்திரம் பறித்தது. இருவருடைய சட்டியும் ஒரே மாதிரித்தான் காலி. ஒருவனுக்கு இரண்டு வருடக் கொடுப்பனவு, மற்றவனுக்கு 26 வாரத்துடன் கதவு சாத்தல் என்பது நீதியா? சட்டம் கோடு கிழித்த விதம் சிலவேளை நகைப்புக்கிடமானது. மென்பொருள் எழுதும் வேலை வெளிநாட்டுக்குப் போனபோது, மென்பொருள் ஒரு 'பொருள்' அல்ல என்று கூறி அவர்களுடைய மனுக்களை நிராகரித்தார்கள். வழக்குகள் நடந்தன. 2009 இலேயே சேவைத் தொழிலாளரையும் சட்டம் வெளிப்படையாக உள்ளடக்கியது. பசித்தவனை நோக்கி உன் பசி எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்று விசாரிப்பது கொடுமையே. ஆனால் இதிலிருந்து 'எனவே இருவருக்கும் வேண்டாம்' என்று முடிவுகட்டுபவர்களை நான் நம்பவில்லை. பசியைத் தீர்ப்பது எல்லோருக்கும் பொதுவான கடமை, அதை அரசு எவரிடமும் காரணம் கேளாமல் செய்யட்டும். கையொப்பத்தால் நேர்ந்த இழப்புக்கு ஈடு என்பது அதற்கு மேலதிகமான தனிக்கடன். முன்னதை மறுப்பதற்குப் பின்னதைச் சாட்டாக்குவதும், பின்னதை மறுப்பதற்கு முன்னதைச் சாட்டாக்குவதும் ஒரே கையின் இரு வித்தைகள்.

சரி, கடன் என்றே ஒப்புக்கொண்டால் அதை எந்த நாணயத்தில் திருப்புவது? அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் வகுப்பறையில் திருப்பியது. கனாப்பொலிஸ் தொழிலாளரில் கணிசமானோர் உயர்பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். சராசரி வயது நாற்பதைக் கடந்திருந்தது. முப்பது வருடங்கள் தறியோடு நின்றவரை முதலில் பள்ளிச் சான்றிதழுக்கும், பிறகு கணினிக்கோ மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கோ வாங்கில் உட்காரவைத்தார்கள். அவ்வூரின் சமூகக் கல்லூரி பெருமுயற்சி எடுத்ததையும், அதனால் பலர் நிமிர்ந்ததையும் மறைக்கக்கூடாது. ஆயினும் படிப்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் எனக்கொரு உறுத்தல். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விடயம், கற்பவனைத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச்செல் என்பது. நூல் அறுந்த இடத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் ஒருத்தியிடம், உனக்குத் தெரிந்தது எதுவுமே இனிச் செல்லாது, பூச்சியத்திலிருந்து தொடங்கு என்பது கற்பித்தல் முறையே அல்ல. இதைக் கற்பித்தலின் பெயரால் செய்வது எனது தொழிலுக்கும் அவமதிப்பு.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2012 இல் அமெரிக்க அரசுக்காக நடத்தப்பட்ட பெரிய மதிப்பீடொன்று, திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு வருடங்களில் சேராத ஒத்த நிலையினரைவிடக் குறைவாகவே உழைத்திருந்தார்கள் என்றது. 2018 இல் பெஞ்சமின் ஹைமன் என்ற ஆய்வாளர் வேறு முறையில் கணக்கிட்டு, பத்து வருடத்தில் ஏறத்தாழ 50,000 டொலர் அதிகம் உழைத்தார்கள், ஆனால் அந்த அனுகூலம் வருடம் செல்லச் செல்லத் தேய்ந்து மறைகிறது என்றார். திட்டத்தை எதிர்த்தோர் முதலாவதை ஏந்திக்கொண்டார்கள். எனக்கு இந்த வாதமே பிடிபடவில்லை. கடனைத் திருப்பிக் கொடுத்தால் அவன் அதைக்கொண்டு முன்னேறுவானா என்று ஆராய்ந்த பிறகா கடன் கொடுத்துத் தீர்ப்பார்கள்? அச்சட்டத்தில் எனக்கு மிகவும் நேர்மையாகப்படுவது 2002 இல் சேர்க்கப்பட்ட சிறிய பிரிவொன்று. ஐம்பது வயதைக் கடந்தவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதியை இரண்டு வருடங்களில் 10,000 டொலர் வரை அரசு தரும். அங்கே எவரையும் மாணவனாக்கவில்லை, இரக்கப்படவுமில்லை. இழப்பை அளந்து பாதியைத் தந்தார்கள். பாதிதான். ஆனாலும் அளந்தார்கள்.

கலீபா உமர் (ரழி) அவர்கள் அரசின் மேய்ச்சல் நிலத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்தபோது இட்ட கட்டளை புஹாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவர்களை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி) போன்ற செல்வந்தரின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் பணித்தார்கள். செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் பேரீச்சையும் இருக்கின்றன. சிறியவனின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு எனது வாசலில் வந்து நிற்பான், அப்போது நான் கைவிட முடியாது. பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு இலகு என்ற கருத்தில் அவர்கள் விளக்கமும் சொன்னார்கள். ஆட்சியின் நுட்பம் இதைவிடச் சுருக்கமாக வெளிப்பட்டதை நான் அறியேன். வீழ்ந்தபின் பைத்துல்மாலைத் திறப்பதற்கு முன்னரே வீழாதிருக்கப் புல்லைத் திறந்துவிடுதல்.

அப்படியானால் இறக்குமதியைத் தடுப்பதுதான் அந்தப் புல்லா? அவசரப்பட்டு ஆமென்று சொல்ல எம்மவரால் இயலாது. இரு பக்கத்தையும் நமது நாடு அனுபவித்திருக்கிறது. எழுபதுகளின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி அரிதாயிருந்தபோது மருதமுனையில் தறிச்சத்தம் ஓயவில்லை. அதே வருடங்களில் பாணுக்கும் துணிக்கும் சனங்கள் வரிசையில் நின்றார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வரிசைகள் கலைந்தன, கடைகள் நிறைந்தன, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இன்றும் மருதமுனைச் சாரனுக்கும் சேலைக்கும் பெயருண்டு; ஆனால் முழு ஊரையும் தாங்கிய தொழிலாக அது மீளவில்லை. திறந்தது பிழையென்று நான் வாதிக்கவில்லை. திறந்ததன் ஆதாயம் தேசத்துக்கு, சுமை நெசவாளிக்கு என்று பிரிந்தபோது, 'உனது இழப்பு எமது முடிவால் வந்தது' என்று அந்த நெசவாளியிடம் சொல்லும் ஒரு சட்டமாவது இங்கு எழுதப்படவில்லை. அமெரிக்கன் அரைகுறையாகவேனும் அதை எழுதினான் என்ற உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அதைக் கைவிட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 யூலை 1 முதல், புதிய மனுக்களுக்கு அத்தாட்சி வழங்கும் அதிகாரம் காலாவதியாகிப்போக, பாராளுமன்றத்தினர் அதைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அறுபது வருடக் கடன் ஒப்புதல் ஒரு திகதியோடு அற்றுப்போயிற்று.

கனாப்பொலிஸ் போன்ற ஊர்களின் இழப்பில் கடலுக்கு இப்பாலுள்ளவர்களுக்கும் பங்குண்டல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். ஆடைகளுக்கு நாடுவாரியாகப் பங்கு ஒதுக்கிய பல்லிழை உடன்பாடு நடைமுறையிலிருந்த காலத்தில், அந்தப் பங்கை நாடியே பல கம்பனிகள் இலங்கைக்கு வந்தன. 1978 இல் திறந்த கட்டுநாயக்க வலயத்தில் தைத்தவை பெருமளவில் அமெரிக்காவுக்கே போயின. அங்கு ஒரு தையல்காரி இழந்த கதிரையில் இங்கு ஒரு கிராமத்துப் பெண் அமர்ந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அவள் கடன்பட்டவளா? அவள் பெற்றது நாள் முழுக்க உழைத்ததற்கான கூலி மட்டுமே. இரு கதிரைகளின் கூலிக்கும் இடையிலிருந்த பெரிய வித்தியாசம் அவளுடைய பணப்பையில் விழவில்லை. ஆதாயம் போய்ச்சேர்ந்த இடத்தையே சுமையும் தேடிப்போகவேண்டும் என்ற விதி அவளை விட்டுவிடுகிறது.

ஆனால் கொள்கை மாறும்போது விட்டுவிடுவதில்லை. அமெரிக்கத் தொழிலாளிக்கு நீதி என்ற பெயரில் 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவிக்கப்பட்டது. ஓகஸ்டில் அது 20 சதவீதமாக்கப்பட்டது. கனாப்பொலிஸ் முதியவருக்குக் கொடுக்கவேண்டியதைத் தங்கள் பணப்பெட்டியிலிருந்து கொடுக்க மறுத்தவர்கள், அதைக் கட்டுநாயக்கவில் தைப்பவளிடம் அறவிட முனைந்தார்கள். அறவிட்டதும் அந்த முதியவரைப் போய்ச்சேரவில்லை. அவர் வேலைசெய்த ஆலையை 2005 அளவிலேயே இடித்துத் தரைமட்டமாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இத்தகைய தீர்வையால் இங்கு ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் அவளுக்கென்று இருப்பது 1971 ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம். அது தொழில் கொள்வோனையே நஷ்டஈடு கொடுக்கச் சொல்கிறது. அரசு கொடுப்பதாக அதில் எதுவுமில்லை. பதினைந்து பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் இடத்துக்கு அது பொருந்தாது. முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாட்கள் வேலை செய்யாதவளுக்கும் பொருந்தாது. ஆட்களை அடிக்கடி மாற்றி மாற்றி எடுக்கும் ஒரு தொழிலில் எத்தனை பேர் அந்த 180 நாளைக் காண்கிறார்கள் என்பதை, வலயத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பிய எந்த ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம்.